படிக்கிற பழக்கம் விட்டுப்போனவங்க எதுல இருந்து தொடங்கலாம்: சமீபத்துல நான் படிச்சதுல இருந்து சில புத்தகங்கள்

கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், புதுசா வர்றவங்களுக்கும் புரியும். கேட்டவருக்கு சொந்த ஊர் தாராபுரம் பக்கம், வீட்டுக்காரம்மாவுக்கு திருச்செந்தூர் பக்கம், ரெண்டு பேரும் பெங்களூர்ல வேலை பாக்குறாங்க. காலேஜ் வரைக்கும் நல்லா படிச்சவங்கதான், வேலைக்குப் போனதும் பழக்கம் விட்டுப்போச்சு. எல்லாரும் சொல்றாங்களேன்னு அஞ்சு பாகம் சரித்திர நாவலை செட்டா வாங்கி, முதல் பாகம் பாதியிலயே நின்னு, இப்ப அது ஷெல்ஃப்ல இருந்து முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்காம். நீங்க சமீபத்துல என்ன படிச்சீங்க, எங்களுக்கு எதை சிபாரிசு பண்ணுவீங்கன்னு கேட்டிருக்கார்.

என் பதில் இதுதான்: உங்க ஊர் பேச்சுல எழுதின, கையில பிடிச்சா கனக்காத ஒரு சின்ன நாவல்ல இருந்து தொடங்குங்க. நீங்க கொங்கு நாட்டுல இருந்து, உங்க வீட்டுல கடற்கரையில இருந்து. ஆளுக்கொன்னு படிச்சு முடிச்சிட்டு அப்புறம் புத்தகத்தை மாத்திக்கோங்க. ஏன் இப்படி சொல்றேன்னா, படிச்சு ரொம்ப நாள் ஆன ஒருத்தர் பெரிய நாவலை எடுத்தா கதைக்குள்ள போறதுக்கு முன்னாடியே அந்த நடைக்குப் பழகணும், அம்பது பேரை ஞாபகம் வெச்சுக்கணும், எப்பவோ நடந்த ஒரு காலத்தை மனசுல கட்டணும், இத்தனையும் ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பை மூடிட்டு வந்து செய்யணும்னா யாரால முடியும்? சொந்த ஊர் பேச்சுல இருக்கிற நாவலுக்கு அந்த உழைப்புல பாதி மிச்சம், பேசுறவங்க குரல் ஏற்கனவே உங்க காதுல இருக்கு, அந்தப் பெரியம்மாவையும் அந்த சித்தப்பாவையும் நீங்க கல்யாண வீட்டுல பாத்திருக்கீங்க. கொஞ்ச நாளா நான் இப்படித்தான் ஊர் ஊரா படிச்சிட்டு வர்றேன், சிலது புதுசு, சிலது ரெண்டாவது தடவை. அதுல இருந்துதான் சொல்றேன்.

உங்களுக்கு முதல்ல ஆர். சண்முகசுந்தரத்தோட 'நாகம்மாள்'. 1942ல வந்தது. கொங்கு வட்டார நாவல்னு பேச்சு வந்தா எல்லாரும் இதுல இருந்துதான் ஆரம்பிப்பாங்க, அதுக்கு நியாயம் இருக்கு. நாகம்மாள் புருஷனை இழந்தவ, ஒரு பொண்ணு இருக்கு, கொழுந்தன் சின்னப்பன் வீட்டுலயே இருக்கா. அவளை யாரும் அடிக்கல, சோறு போடாம இருக்கல, சின்னப்பன் கெட்டவனும் கிடையாது. ஆனா என் புருஷனுக்கு சேர வேண்டிய நிலம் எங்கேங்கிற கேள்வி அவ மனசுல முளைக்குது. ஊர்ல கெட்டியப்பன்னு ஒரு முரடன், அவனோட அவளுக்கு இருக்கிற பழக்கம், ஊர்க்காரங்க பின்னால நின்னு ஓதி விடுறது, இதெல்லாம் சேர்ந்து அந்தக் கேள்வி எங்க கொண்டு போய் விடுதுங்கிறதுதான் கதை. முடிவை சொல்ல மாட்டேன்.

இதுல எனக்கு இந்தத் தடவை ரொம்ப உறைச்சது ஒண்ணு இருக்கு. விதவைக்கு புருஷன் சொத்துல உரிமைன்னு 1937ல ஒரு சட்டம் வந்துச்சு. ஆனா விவசாய நிலத்துக்கு அந்த சட்டம் பொருந்தாது, அது மாகாணங்களோட அதிகாரம்னு 1941ல ஃபெடரல் கோர்ட் சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் இந்த நாவல் வருது. அதாவது ஒரு குடியானவ வீட்டுப் பொம்பளை தோட்டத்துல பங்கு கேட்டா அவளுக்குக் கை கொடுக்க சட்டமும் இல்ல, சனமும் இல்லங்கிற நேரத்துல இவர் அப்படி ஒருத்தியை நடுவுல நிறுத்தி எழுதியிருக்கார். எழுதினவர் இந்தக் கோர்ட் விவகாரத்தை மனசுல வெச்சு எழுதினாரான்னு பாக்க வேண்டியதில்ல, இதைத் தெரிஞ்சுக்கிட்டு படிச்சா அவ கேக்குற ஒவ்வொரு வார்த்தைக்கும் கனம் கூடுது. அவளை நல்லவன்னும் சொல்லல கெட்டவன்னும் சொல்லல, பக்கத்துல நின்னு பாத்த மாதிரி எழுதிட்டுப் போறார். இத்தனைக்கும் இவர் வங்க நாவல்களை நிறைய மொழிபெயர்த்தவர், 'பதேர் பாஞ்சாலி'யை தமிழுக்குக் கொண்டு வந்தவர், ஆனா சொந்தமா எழுத உக்காந்தா தன் ஊர்க்காட்டை விட்டு நகரவே இல்ல. தாராபுரத்துக்காரருக்கு இந்த நாவல்ல ஒரு வரி கூட அந்நியமா இருக்காது.

உங்க வீட்டுக்காரம்மாவுக்கு வண்ணநிலவனோட 'கடல்புரத்தில்'. 1977. மணப்பாடு கடற்கரைதான் களம், திருச்செந்தூர்க்காரங்களுக்கு பக்கத்து ஊர், அந்த மணல் மேட்டுல இருக்கிற சர்ச்சை சின்ன வயசுலயே பாத்திருப்பாங்க. குரூஸ் மிக்கேல்னு ஒரு மீனவர், அவருக்கு ஒரு வல்லம், அதாவது நாட்டுப்படகு, ஒரு வீடு. வெளியூர்ல இருக்கிற மகன், எல்லாத்தையும் வித்துட்டு எங்கூட வந்துடுங்கன்னு கூப்பிடுறான், இவர் மாட்டேங்கிறார். இன்னொரு பக்கம் ஊருக்குள்ள லாஞ்சுங்கிற மோட்டார் படகு வந்துடுச்சு, வல்லத்துக்காரங்களுக்கும் லாஞ்சுக்காரங்களுக்கும் பகை முத்துது. இதுக்கு நடுவுல அவரோட மக பிலோமி, அவ காதல், அது கையை விட்டுப் போறது. கதையா சொன்னா இவ்வளவுதான், வேற யாராவது எழுதியிருந்தா அழுகையும் ஆத்திரமுமா ஆகியிருக்கும். வண்ணநிலவன் பிலோமியை அப்படி விடல. அவளுக்கு நடந்தது எல்லாத்துக்கும் அப்புறமும் அவ மனசுல யார் மேலயும் கசப்பு தங்குறதில்ல, அது தியாகம்னு சொல்லிக்கிற வகையும் இல்ல, இயல்பாவே அவ அப்படி. பிலோமியோட அம்மாவுக்கும் ஊர் வாத்தியாருக்கும் இருக்கிற சிநேகம் பத்தி எழுதியிருக்கிற பக்கங்களைப் படிக்கும்போது, இவ்வளவு கூச்சமான ஒரு விஷயத்தை இவ்வளவு மரியாதையா எழுத முடியுமான்னு தோணும். அளவும் ரெண்டு மூணு ராத்திரியில முடிஞ்சிடுற அளவுதான்.

இப்ப ரெண்டு பேரும் மாத்திக்கும்போது ஒரு சிக்கல் வரும், அதையும் இப்பவே சொல்லிடுறேன். நீங்க கடல்புரத்தை எடுத்தா முதல் பத்து இருபது பக்கம் கொஞ்சம் தடுக்கும், அவங்க நாகம்மாளை எடுத்தாலும் அப்படித்தான். அதுக்கு அகராதியைத் தேடாதீங்க. பேச்சு வர்ற இடத்தை மட்டும் வாய்விட்டு படிங்க. கண்ணுக்குப் புரியாத பேச்சு காதுக்குப் புரிஞ்சிடும், அது எனக்குத் தெரிஞ்ச எத்தனையோ வாசகர்கள் சொன்னதுதான். உங்களுக்கு இன்னும் வசதி, பக்கத்துலயே அந்த ஊர் ஆள் இருக்காங்க, அவங்களையே வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. வட்டார நாவல்னா அந்த வட்டாரத்துக்காரங்களுக்கு மட்டும்னு ஒரு எண்ணம் பலருக்கு இருக்கு, அதனாலயே நல்ல நாவல் எத்தனையோ கையில எடுக்கப்படாம கிடக்கு, அது எனக்கு நிஜமாவே வருத்தமான விஷயம்.

இந்த ரெண்டும் முடிஞ்சா அடுத்தது ரெண்டு பேருக்கும் பொதுவா பூமணியோட 'வெக்கை', 1982. 'அசுரன்' படம் 2019ல வந்துச்சே, அதுக்கு அடிப்படை இதுதான். படம் பாத்தாச்சு, கதை தெரியும், எதுக்குப் படிக்கணும்னு கேப்பீங்க. படத்தை மறந்துட்டு படிங்கன்னு சொல்ல மாட்டேன், படத்தை ஞாபகம் வெச்சுக்கிட்டே படிங்க, அப்பதான் ரெண்டும் எவ்வளவு வேற வேற சமாச்சாரம்னு தெரியும். சிதம்பரம்னு ஒரு பதினஞ்சு வயசுப் பையன், அண்ணனைக் கொன்ன வடக்கூரானை வெட்டிட்டு ஓடுறான். கையைத்தான் வெட்ட நினைச்சான், ஆள் செத்துட்டான். அப்படித்தான் நாவல் தொடங்குது. படத்துல ரத்தமும் சண்டையும் அப்பாவோட இளமைக் கதையும் பெரிய இடத்தைப் பிடிச்சுக்கும். நாவல்ல அப்பாவோட பழசு பேச்சோட பேச்சா வந்து போறதோட சரி. அப்புறம் என்னதான் இருக்குன்னா, அப்பனும் மகனும் போலீஸுக்குத் தப்பிச்சு ஏழெட்டு நாள் காட்டுலயும் ஓடையிலயும் மலையடிவாரத்துலயும் திரியுறாங்க. எங்க படுக்கிறது, எங்க தண்ணி கிடைக்கும், என்னத்தைப் பொங்கித் தின்னுறது, வீட்டுல அம்மாவும் தங்கச்சியும் என்ன ஆனாங்களோ. கொலை பண்ணின பையன் நடுவுல சின்னப் பையனா மாறிடுறான், கிளியைப் பாத்தா கிளி வேணுங்கிற வயசு அது. அப்பன் அவனைத் திட்டுறதும் இல்ல, மெச்சுறதும் இல்ல, கூடவே நடக்குறான்.

இந்த நாவல்ல பூமணி ஒரு இடத்துல கூட இவங்க இன்ன சாதின்னு எழுதல. நிலத்துக்காக நடக்கிற சண்டை, பணமும் போலீஸும் யார் பக்கம்ங்கிறது, அதை வெச்சு நீங்களே புரிஞ்சுக்கணும். அப்புறம் எழுத்தாளர் குறுக்க வந்து இவங்க பாவம்னு ஒரு வார்த்தை சொல்றது கிடையாது, முக்கால்வாசி வெறும் பேச்சுதான், அந்தப் பேச்சுலயே வெயில் தெரியும், பசி தெரியும், பயம் தெரியும். கரிசக்காட்டு வெயிலைப் பத்தி இதை விட நல்லா எழுதின நாவலை நான் படிச்சதில்ல. பழக்கம் விட்டுப்போனவங்களுக்கு இதை நான் தைரியமா சிபாரிசு பண்றதுக்குக் காரணம், எடுத்தா கீழ வெக்க விடாது.

கரிசல்னு சொன்னதும் கி. ராஜநாராயணன் பேரை சொல்லாம போக முடியாது. 'கோபல்ல கிராமம்', 1976. வெக்கைக்கு நேர் எதிரான நாவல் இது, அவசரமே கிடையாது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணை நகைக்காக ஒருத்தன் தண்ணியில அமுக்கிக் கொல்றான், சாகும்போது அவ அவனோட கால் கட்டைவிரலைக் கடிச்சுப் பிடிச்சுக்கிறா, விடவே இல்ல, அப்படி ஒரு பயங்கரத்தோட ஆரம்பிச்சு அங்கேர்ந்து மங்கத்தாயாரு அம்மாள்ங்கிற பெரிய பாட்டி கதை சொல்ல ஆரம்பிக்கிறாங்க. தெலுங்கு தேசத்துல இருந்து ஒரு பொண்ணோட மானத்தைக் காப்பாத்த மொத்தக் குடும்பமும் ராத்திரியோட ராத்திரியா தெற்கே ஓடி வந்தது, இங்க காட்டை எரிச்சு நிலமாக்கினது, வெட்டுக்கிளி வந்தது, கடைசியில வெள்ளைக்காரன் ஆட்சி ஊருக்கு எட்டிப் பாத்தது. வரலாறுதான், ஆனா பாட்டி வாயால வர்ற வரலாறு. இதைத் தொடர்ந்து எழுதின 'கோபல்லபுரத்து மக்கள்'க்குத்தான் 1991ல சாகித்ய அகாதமி கிடைச்சது, ஆனா முதல்ல கிராமத்தையே படிங்க. நாவல்னா ஒரு கதாநாயகன், ஒரு பிரச்சனை, ஒரு முடிவுன்னு எதிர்பாத்தா இதுல ஏமாந்துடுவீங்க. தினம் ஒரு பத்து பக்கம்னு படிச்சா நல்லா இருக்கும், அந்த மாதிரி படிக்கத்தான் அது எழுதப்பட்டிருக்கோன்னு தோணும்.

அடுத்து சொல்லப்போறதைப் பத்தி அதிகம் பேர் பேசுறதில்ல, அதனாலயே கொஞ்சம் அழுத்தி சொல்றேன். ஹெப்சிபா ஜேசுதாசனோட 'புத்தம் வீடு', 1964. குமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கம், பனைவிளை வெச்சிருந்து நொடிச்சுப்போன ஒரு கிறிஸ்தவக் குடும்பம். லிஸின்னு ஒரு சின்னப் பொண்ணு, அவ மேல உயிரையே வெச்சிருக்கிற தாத்தா, அவரைக் கண்ணப்பச்சின்னு கூப்பிடுறா. துள்ளிக்கிட்டுத் திரிஞ்ச பிள்ளை வயசுக்கு வந்ததும் வீட்டுக்குள்ள அடைஞ்சிடுறா, வாசல்ல தலை காட்டக் கூடாது. பனையேறிக் குடும்பத்துல பிறந்த தங்கராஜ் மேல அவளுக்குப் பிரியம். வீட்டுல பவுசு போயிடுச்சு, பழம்பெருமை மட்டும் மிச்சம், அந்தப் பெருமை எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு நிக்கிறது கடைசியில அந்தப் பொண்ணோட வாழ்க்கை மேல. எழுதினவங்க ஆங்கிலப் பேராசிரியை, ஆனா நாவல்ல அந்தப் படிப்போட வாடையே அடிக்காது, நாலு பேர் திண்ணையில உக்காந்து பேசுற மாதிரி நடை. லிஸி சத்தம் போட்டுப் புரட்சி பண்ற பொண்ணு கிடையாது. பொறுமையா, ஆனா தன் மனசை மாத்திக்காம நிக்கிறவ. பொம்பளைங்க எழுதின தமிழ் நாவல்னு லிஸ்ட் போடும்போது இதை விட்டுடுறாங்க, விடக் கூடாது. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு கடல்புரத்தில் பிடிச்சா இது கண்டிப்பா பிடிக்கும்.

பெங்களூர் வாழ்க்கையில இருக்கிறவங்களுக்கு டவுன் கதை ஒண்ணாவது வேணும் இல்லையா, அதுக்கு அசோகமித்திரனோட 'தண்ணீர்'. 1973. சென்னையில தண்ணிப் பஞ்சம், ஜமுனா, சாயான்னு அக்கா தங்கச்சி, பக்கத்து வீட்டு டீச்சரம்மா, அடிபம்பு, குடம், க்யூ. 2024 கோடையில பெங்களூர்ல போர் எல்லாம் வத்தி, டேங்கருக்கு ஆளாப் பறந்தாங்களே, அப்ப அங்க இருந்தவங்க படிச்சா ஒவ்வொரு பக்கமும் தெரிஞ்ச பக்கமா இருக்கும். இதைப் பத்தி நிறைய சொல்லத் தேவையில்ல, படிச்சாலே போதும்.

ஈழத்து எழுத்துல இருந்து ஒண்ணு சொல்லச் சொன்னா ஷோபாசக்தியோட 'கொரில்லா', 2001. ஃபிரான்ஸ்ல அகதி அந்தஸ்து கேட்டு எழுதுற ஒரு மனுவோட தொடங்கும், அப்புறம் தீவுப்பகுதி ஊர், விடுதலைப் புலிகள் இயக்கத்துல சேருற ஒரு பையன், அதுக்குள்ள அவன் பாக்குறது. எழுதினவரே சின்ன வயசுல இயக்கத்துல இருந்தவர், பிறகு ஃபிரான்ஸுக்கு அகதியா போனவர். 2015ல கேன்ஸ்ல பெரிய விருது வாங்கின 'தீபன்' படத்துல கதாநாயகனா நடிச்சதும் இவர்தான். சின்னப் புத்தகம், வேகமா போகும், ஆனா மனசுக்கு லேசான புத்தகம் இல்ல. யாழ்ப்பாணத்துப் பேச்சு நமக்குப் பழக்கம் இல்லையேன்னு தயங்க வேண்டாம், முன்ன சொன்ன மாதிரி வாய்விட்டு படிங்க.

அப்புறம் பெருமாள்முருகன். நாகம்மாள் பிடிச்சுப்போய் கொங்கு நாட்டுலயே இன்னொன்னு வேணும்னு தோணினா 'பூக்குழி' எடுங்க, 2013ல வந்தது. சோடாக் கடையில வேலை பாக்குற குமரேசன், வேற சாதிப் பொண்ணு சரோஜாவைக் கல்யாணம் பண்ணி சொந்த ஊருக்குக் கூட்டிட்டு வர்றான், அம்மா ஏத்துப்பா, ஊர் ஏத்துக்கும்னு நம்பி. இதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2023ல இன்டர்நேஷனல் புக்கர் நெடும்பட்டியல் வரைக்கும் போச்சு, அதனால பெங்களூர் நண்பர்கள் யாராவது கேட்டா அவங்களுக்கும் குடுக்கலாம். சாதி மாறிக் கல்யாணம் பண்ணி 2013ல இறந்துபோன தர்மபுரி இளவரசனுக்கு சமர்ப்பணம் பண்ணியிருக்கார், அதைப் பாத்ததுமே எந்த மாதிரி புத்தகம்னு தெரிஞ்சிடும்.

இமையத்தோட 'செல்லாத பணம்' பத்தி ஒரு எச்சரிக்கையோட சொல்றேன். 2020க்கான சாகித்ய அகாதமி வாங்கினது. இஞ்சினியரிங் படிச்ச பொண்ணு, வீட்டை எதிர்த்து ஒரு ஆட்டோ டிரைவரைக் கட்டிக்கிறா, பல வருஷம் கழிச்சு உடம்பெல்லாம் வெந்து ஜிப்மர் தீக்காய வார்டுல கிடக்கிறா. தானே வெச்சுக்கிட்டாளா, அவன் வெச்சானா, யாருக்கும் தெரியாது. அப்பா கையில பணம் இருக்கு, எவ்வளவு வேணும்னாலும் செலவு பண்ணத் தயார், அந்தப் பணத்தால அங்க ஒண்ணும் ஆகாது. வார்டு வராந்தாவுல காத்துக்கிட்டு இருக்கிறவங்க பேசுற பேச்சுதான் நாவல் முழுக்க. ரொம்ப வலுவான எழுத்து. ஆனா வீட்டுல சமீபத்துல யாராவது ஆஸ்பத்திரியில இருந்திருந்தா, இழப்பு ஏதாவது நடந்திருந்தா, இப்ப எடுக்காதீங்க. தொடங்குறவங்களுக்கான முதல் புத்தகமும் இது இல்ல. நாலஞ்சு புத்தகம் படிச்சு மனசு பழகினதுக்கு அப்புறம் படிங்க.

கதையே வேண்டாம், நாள் முழுக்க வேலை, ஒரு பத்து நிமிஷம்தான் கிடைக்கும்ங்கிற நாளுக்கு தொ. பரமசிவனோட 'பண்பாட்டு அசைவுகள்' ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. சின்னச் சின்னக் கட்டுரை, உப்பு, எண்ணெய், தேங்காய், உரல் உலக்கை, பல்லாங்குழி, சிறுதெய்வம்னு. தினம் பாக்குற பொருளை எடுத்து அதுக்குப் பின்னால இருக்கிற சமூகத்தைக் காட்டிடுவார். பல்லாங்குழி கட்டுரையை மட்டும் படிச்சுப் பாருங்க, ஆளுக்கு சமமா காய் வெச்சு ஆரம்பிக்கிற ஆட்டத்துல கடைசியில ஒருத்தர் கையில எல்லாம் போய் சேர்றதை வெச்சு தனிச்சொத்து பத்திப் பேச ஆரம்பிச்சிடுவார். அழகர் கோயிலைப் பத்தி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணினவர், ஊர் ஊரா நடந்து சனங்க கிட்ட கேட்டு எழுதினவர், அதனால இதுலயும் புத்தக வாசனையை விட மனுஷ வாசனை ஜாஸ்தி.

புத்தகம் எங்க கிடைக்கும்னும் கேட்டிருந்தீங்க. நான் சொன்னதுல பல புத்தகங்கள் காலச்சுவடு பதிப்புல கிடைக்குது, ஆன்லைன்லயும் வரும். ஆனா எல்லாத்தையும் மொத்தமா வாங்கிடாதீங்க, ரெண்டு வாங்குங்க, முடிச்சிட்டு அடுத்த ரெண்டு. ஷெல்ஃப்ல படிக்காத புத்தகம் கூடக் கூட படிக்கிற ஆசை குறையுது, இதை நான் நிறைய பேர் கிட்ட பாத்திருக்கேன். பெங்களூர்ல அல்சூர்ல தமிழ்ச் சங்கத்துல நூலகம் இருக்கு, ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. ஊருக்குப் போகும்போது கிளை நூலகத்துல உறுப்பினர் ஆயிடுங்க, கட்டணம் ரொம்பக் கம்மி. தமிழ்நாட்டுல சொத்து வரியோட நூலக வரியும் சேர்த்துத்தான் வசூல் பண்றாங்க, உங்க அப்பா தாராபுரத்து வீட்டுக்கு வருஷா வருஷம் அதைக் கட்டிக்கிட்டுத்தான் இருப்பார், அந்தப் புத்தகமெல்லாம் உங்க காசுல வாங்கினதுதான், தைரியமா போய் எடுங்க. ஆகஸ்ட்ல ஊர்ப்பக்கம் வர்றதா இருந்தா ஈரோடு புத்தகத் திருவிழாவையும் பாத்துக்கோங்க, பொங்கல் நேரத்துல சென்னை வர வாய்ப்பு இருந்தா நந்தனம் புத்தகக் கண்காட்சி. அங்க போகும்போது மட்டும் லிஸ்ட்டை எழுதி எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா பெரிய செட்டு ஒண்ணை மறுபடி தூக்கிட்டு வந்துடுவீங்க.

அந்த ஷெல்ஃப்ல இருக்கிற அஞ்சு பாகத்தை என்ன பண்றதுன்னு கேட்டா, இருக்கட்டும். அதுல குறை எதுவும் இல்ல, லட்சக்கணக்கான பேரைப் படிக்க வெச்ச புத்தகம், இப்ப உங்களுக்கு அது நேரம் இல்ல, அவ்வளவுதான். பெரிய நாவல் படிக்கிற நேரம் வரும்போது உங்களுக்கு வேற பாதையும் திறந்திருக்கும். கடல்புரத்தில் படிச்சவங்களுக்கு ஜோ டி குருஸோட 'ஆழி சூழ் உலகு', ஆமந்துறைங்கிற பரதவர் ஊரோட மூணு தலைமுறைக் கதை. வெக்கை படிச்சவங்களுக்கு அதே பூமணியோட 'அஞ்ஞாடி'. நான் இப்ப இதைத்தான் படிச்சிட்டு இருக்கேன், ஆயிரம் பக்கத்துக்கு மேல. ஆண்டி, மாரின்னு ரெண்டு சின்னப் பையன்களோட சிநேகத்துல ஆரம்பிச்சு, 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கொள்ளைன்னு போய், ஒரு நூத்தாண்டுக் கரிசலையே உள்ள இழுத்துக்குது. பாதி தாண்டியாச்சு. வெக்கை படிச்ச கையோட அந்தப் பேச்சு பழகினதால பக்கம் ஓடுறதே தெரியல. நீங்க முதல் ரெண்டை முடிச்சிட்டு வந்து எது பிடிச்சுது, எங்க தடுக்கிச்சுன்னு எழுதுங்க, அதைப் பாத்துட்டு அடுத்தது என்னன்னு சொல்றேன்.